எண்பதில் நின்ற கால்

செவ்வாய், காலை 10.40. துபாய், யூனியன் பேருந்து நிலையம்.

புஜைராவுக்குப் போகும் பேருந்தின் எண் ஈ-700. கட்டணம் இருபத்தைந்து திர்ஹம், தூரம் நூற்றிருபது கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. ரொக்கம் வாங்க மாட்டார்கள், பயண அட்டைதான். முப்பது பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று, என் முறை வந்து, ஒரு காலைப் படியில் வைத்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. இந்தக் கட்டுரையை நம்பி யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் அட்டையோடு போகவும். அட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பேருந்து போய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறினேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய மெட்ராஸின் கார் பந்தயக்காரர்களைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொல்வது பொய். உரிமம் இருக்கிறது. நான் ஓட்டினால் மனைவி ஆட்டோவில் வருவாள், அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவர்கள் கடலைப் பற்றிக் காவியம் எழுதுவதில்லையா, அந்தத் தைரியம்தான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அப்போது பந்தயம் நடக்கும். எண்ணெய்ப் பீப்பாய், வைக்கோல் கட்டு, மண் மூட்டை இவைதாம் எல்லைக்கோடு. அங்கே எடுத்த ஒரு புகைப்படம் என்னிடம் கிடைத்தது. கோப்பையும் மாலையுமாக ஒரு பணக்காரர் காரின் மேல் கை வைத்து நிற்கிறார். காருக்குள் தலைக்கவசத்தோடு ஒருவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். படத்தின் கீழே பணக்காரர் பெயர் மட்டும். உள்ளே இருப்பவன் யார் என்று ஒரு வருடம் தேடினேன். கடைசியில் புதுப்பேட்டையில் உதிரி பாகம் விற்கும் ஒரு கிழவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கபூரு! மெக்கானிக்கு. வண்டிய ஓட்டுறது இவன், மாலை போட்டுக்கிறது அவுரு. இப்போ புஜைராவுல கீறான்" என்றார்.

எண் வாங்கிக் கூப்பிட்டேன். எதிர்முனையில் நிதானமான குரல். "சனிக்கிழமை ஊருக்குப் போறேன் சார். விசா கேன்சல். அதுக்கு முன்னாடின்னா வாங்க." வந்துவிட்டேன்.

பிற்பகல் 2.20. புஜைரா.

மலையைக் குடைந்து போட்ட சாலை முடியும் இடத்தில் கடல் திறக்கிறது. எண்ணெய்க்காகக் காத்திருக்கும் கப்பல்கள், ரேஷன் கடையில் பை போட்டு இடம் பிடித்தது போல வரிசையாக நிற்கின்றன. மலைகளில் ஒரு புல் கிடையாது. யாரோ மொட்டையடித்து, சந்தனம் பூச மறந்துவிட்டார்கள்.

பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிப் பேருந்துகள் நிறுத்தும் யார்டுக்கு டாக்சியில் பதினான்கு திர்ஹம். நாற்பது மஞ்சள் வண்டிகள். நடுவே தகரக் கூரை போட்ட அறை, அதன் சுவர் முழுக்கச் சாவிகள். அந்தச் சாவிகளுக்கு முன்னால் ஒல்லியாக, உயரமாக, வெள்ளைத் தாடியோடு அப்துல் கபூர் நின்றார். வயது எழுபத்திரண்டு. கை கொடுத்தார். பல் மருத்துவர்களுக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கும் இருக்கிற மாதிரி நீண்ட, அமைதியான விரல்கள்.

"புக்கு எழுதுறீங்களாமே. என்னப் பத்தி எழுதினா எவ்ளோ பக்கம் வரும்?"

"ஒரு முப்பது பக்கம் பாய்."

"அஞ்சு வருஷம்தான சார் ஓட்டுனேன். பக்கத்துக்கு ரெண்டு மாசமா?"

சாயங்காலம் அவருடைய அறையில் உட்கார்ந்தோம். மூன்று கட்டில். ஒரு மூலையில் இரண்டு பெட்டியும் கயிறு கட்டிய ஓர் அட்டைப் பெட்டியும். அதன் மேல் பட்டையான எழுத்தில் பெயரும் சென்னை முகவரியும். அறைத்தோழர் செல்வம் பெரம்பலூர்க்காரர், ஏசி பழுது பார்ப்பவர், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரேஸ் கதைக்கா சார் மெட்ராஸ்லேந்து வந்திருக்கீங்க? பத்து வருசமா நாங்களும் கேக்குறோம். பாய் பெரிய மனுசன், அதனால நம்புறோம். இவரு ஓட்டுற வண்டியில ஏறினா டீயக் கையில வச்சுக்கிட்டு வரலாம், ஒரு சொட்டு சிந்தாது. இவரா ரேசு?"

"போடா, ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்றார் கபூர் பாய், கோபமில்லாமல்.

நான் பெருமையோடு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். செல்வம் வாங்கிப் பார்த்தார். "மூஞ்சியக் காணமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வருட ஆராய்ச்சிக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை கிடைக்காது.

வாழ்க்கைச் சரித்திரத்தை அவர் இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தார். பதினாறு வயதில் புதுப்பேட்டையில் பட்டறை. முதலாளிக்குப் பந்தய ஆசை, ஆனால் வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பழைய ஹெரால்டு காரின் மேல்பாகத்தை அறுத்தெறிந்து, அலுமினியத் தகடு வளைத்து, கபூரே செய்த வண்டி. செய்தவனே ஓட்டட்டும் என்று முதலாளி கீழே இறங்கிக்கொண்டார். ஐந்து வருடம். எழுபத்தொன்பதில் முதலாளி வண்டியை விற்றார். வாங்கியவருக்கு ஓட்டத் துடிக்கும் மகன் ஒருத்தன் இருந்தான். கபூருக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மண்ணடியில் ஏஜென்டைப் போய்ப் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும்னான். ரேஸ் வண்டி ஓட்டுவேன்னு எழுதச் சொன்னேன். அவன் அத அடிச்சிட்டு டிரைவர்னு எழுதினான். நமக்கு ஒரே குஷி. அரபு நாடு, பெரிய பெரிய கார், ஆளில்லாத ரோடு. வந்து எறங்குனா தண்ணி லாரி."

"ஏமாத்திட்டானா?"

"இன்னா ஏமாத்துனான்? டிரைவர்னுதான போட்டிருந்தான். லாரியிலயும் ஸ்டியரிங் இருந்துச்சே."

தண்ணீர் லாரி ஆறு வருடம். அப்புறம் பள்ளிப் பேருந்து முப்பத்திரண்டு வருடம். பிற்பாடு அந்த வண்டிகளில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி எஞ்சினிலேயே பூட்டுப் போட்டுவிட்டார்கள். அறுபத்தைந்து வயதில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, ஏழு வருடமாகச் சாவி கொடுக்கும் வேலை.

நான் குறிப்பேட்டை மூடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும். துபாய்ல காசு கட்டுனா ரேஸ் வண்டி குடுக்குற எடம் ஒண்ணு இருக்குதாமே. நம்பளையும் விடுவானா?"

"எதுக்கு பாய்?"

"ஒரு தபா பாத்துக்கணும். இருக்குதா, போயிடுச்சான்னு." எது என்று சொல்லவில்லை. வலது தொடையை மட்டும் லேசாகத் தட்டினார். "அநேகமா போயிருக்கும். போயிடுச்சுன்னு கண்ணால பாத்துட்டா நிம்மதியா ஊருக்குப் போயிடுவேன். தெரியாம போனா அங்க போயி மோட்டுவளையப் பாத்துக்கினு இதையே நெனச்சிக்கினு இருப்பேன்."

புதன், காலை 6.15.

யார்டு மேலாளரின் சிறிய வெள்ளைக் காரை இரவல் வாங்கி வந்திருந்தார். பந்தயத் தடம் துபாயின் தெற்கு ஓரத்தில், நூற்று முப்பது கிலோமீட்டர். வரலாற்றில் இடம்பெறாத ஒரு பந்தய வீரர் ஓட்ட, பக்கத்தில் உட்காரும் முதல் எழுத்தாளன் நான். இடுப்புவாரை இறுக்கிப் போட்டேன். வேண்டுதல் ஒன்றும் செய்துகொண்டேன்.

தேவைப்படவில்லை. மலைச்சாலையில் நூற்றிருபது வரை போகலாம் என்று பலகை சொன்னது. நாங்கள் எண்பதில் போனோம். வலது ஓரத்தில், கோட்டுக்குள், கல்யாண ஊர்வலம் போல. கார்கள் எங்களைக் கடந்தன. லாரிகள் கடந்தன. ஒட்டகம் ஏற்றிய பிக்கப் ஒன்று கடந்தது. அந்த ஒட்டகம் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்ததை நான் மறக்கப் போவதில்லை.

"கொஞ்சம் வேகமா போலாமே பாய்."

"போலாம். எதுக்கு?"

அவருடைய போன் அடித்தது. காரின் ஒலிபெருக்கியில் ராயப்பேட்டையிலிருந்து மனைவியின் குரல். "எங்க இருக்கீங்க?"

"சாமான் வாங்க வந்திருக்கேன் ஜைனபு."

"இன்னும் என்ன சாமான்? வெயிட் ஏறிடும். டாங் பொடியும் தைலமும் போதும். மெதுவா போங்க."

"எண்பதுதான்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு வருஷத்துல மொத தபா பொய் சொல்றேன்." யோசித்துவிட்டு, "ரெண்டாவது" என்று திருத்தினார்.

வழியில் ஒரு மலையாளிக் கடை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். இறங்க வேண்டியதில்லை, டீ காருக்கே வரும். கரக் டீ ஒன்று ஒன்றரை திர்ஹம். நான் இரண்டு குடித்தேன். அவர் குடிக்கவில்லை. கையில் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் அவருக்குப் பயமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

காலை 9.05. பந்தயத் தடம்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். கடைசியாகத் தடத்தில் ஓட்டிய ஆண்டு என்று ஒரு கட்டம். 1979 என்று நிரப்பினேன். அவள் புன்னகையோடு, பிறந்த ஆண்டை இங்கே எழுதக் கூடாது, மேலே எழுத வேண்டும் என்று திருத்தினாள். மேலே இருந்ததைப் பார்த்ததும் புன்னகை நின்றது. மேலாளர் வந்தார். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். துணைக்கு எனக்கும் பார்த்தார்கள். அவருடையது சரியாக இருந்தது. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

மூன்று சுற்று, அறுநூறு திர்ஹம். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் வருவார். வந்தவர் பெயர் சிபி, முப்பத்தைந்து வயது, கோயம்புத்தூர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க சார், ஓட்டப் போறது நீங்களா?"

"நானில்லை, இவர்."

"ஐயாவா? பேரன் யாராச்சும் வந்திருக்காங்களோன்னு பாத்தனுங்க."

"கோயம்புத்தூரா நீ?" என்றார் கபூர் பாய், தாடியைத் தலைக்கவசத்துக்குள் திணித்துக்கொண்டே. "உங்க ஊருக்காரன் ஒருத்தன் சோழவரத்துல என்னக் கொண்டுபோய் பீப்பாயில சொருவிட்டான். இன்னும் கணக்கு பாக்கி கீது."

"அதுக்கு என்னைய எதுவும் பண்ணிராதீங்க" என்று சிபி சிரித்தபடி ஏறினார்.

வெள்ளை நிறச் சிறிய கார். நான்கு கதவு, முன்னால் மட்டும் இரண்டு இருக்கை. பின்னால் மெத்தை, கம்பளம் எல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய்க் கூண்டு. நான் சுவர் ஓரமாக நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். கவசத்துக்குள் கண் மட்டும் தெரிந்தது. புகைப்படத்தில் இருப்பவனிடம் அதுவும் தெரிந்ததில்லை.

முதல் சுற்று. கார் போனது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிடித்த மூச்சை விட்டேன். இன்னொரு முறை பிடித்தேன். கடைசியில் வந்தது. சத்தத்திலேயே தெரிந்தது. எண்பது.

இரண்டாவது சுற்றும் அப்படியே. நேர்ச்சாலையில் எஞ்சின் ஒரு முறை உயர்ந்தது, உயர்ந்து அந்த இடத்துக்கு வந்ததும் கழுத்தைப் பிடித்தது போல இறங்கியது. எனக்கு முன்னால் கார் கடந்தபோது சிபி கையை விரித்துக் காட்டினார். சுற்று முடிந்ததும் வண்டி உள்ளே வந்து நின்றது.

கவசத்தைக் கழற்றினார். முகம் வியர்த்திருந்தது.

"போக மாட்டேங்குது சார்."

"வண்டியா?"

"காலு. எண்பதுல போயி நின்னுடுது. அமுக்கு அமுக்குன்றேன். கல்லு மாதிரி கெடக்குது."

சிபி தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார். "சார், வளைவெல்லாம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி எடுக்கறாருங்க. அப்படி எடுக்கறவர் நான் பாத்ததில்ல. ஆனா ஒவ்வொரு வளைவுலயும் இண்டிகேட்டர் தேடறாரு. இந்த வண்டில அது இல்லீங்களே."

போய்விட்டது, பார்த்தாயிற்று, அவர் கேட்டதும் அதுதானே, கிளம்பலாம் என்று ஒரு சமாதானத்தை மனதுக்குள் தயார் செய்தேன். அதற்குள் அவர் இறங்கிவிட்டார். இறங்கியவர் என்னிடம் வரவில்லை. காரின் பின்பக்கக் கதவைத் திறந்து, இடுப்பை வளைத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். இந்த மூலை, அந்த மூலை, தரை. மறுபக்கம் போய் அந்தக் கதவையும் திறந்து பார்த்தார்.

எதையாவது தொலைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. இந்த ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் ஒவ்வொரு நடை முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்துபோய், குனிந்து ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் பார்க்க வேண்டும். தூங்கிப்போன குழந்தை எதுவும் உள்ளே இருந்துவிடக் கூடாது. இந்த வெயிலில் பூட்டிய வண்டி அடுப்பு. ஒரு நாளைக்கு நாலு தடவை, முப்பத்திரண்டு வருடம் அவர் குனிந்திருக்கிறார்.

இரண்டாவது கதவையும் சாத்திவிட்டு, உள்ளங்கையால் கூரையை இரண்டு தட்டு தட்டினார்.

"மாஃபி" என்றார், தனக்குத்தானே. யாரும் இல்லை.

பிறகு கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "யல்லா, கோயம்புத்தூரு. இன்னும் ஒண்ணு கீதுல்ல?"

மூன்றாவது சுற்றில் முதலில் மாறியது சத்தம். தடத்தின் மறுபக்கம், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எஞ்சின் எண்பதுக்கு வந்தது. வந்த இடத்தில் நிற்கவில்லை. மேலே போனது, இன்னும் மேலே போனது. எங்கோ டக்கென்று கியர் விழுந்தது, மறுபடி ஏறியது. வரவேற்பறைப் பெண் வெளியே வந்து நின்றாள். பக்கத்துக் கொட்டகையில் டயர் மாற்றிக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்தார்கள். கடைசி வளைவில் கார் தெரிந்தது, என்னைக் கடந்தது. என் தொப்பியைக் காணோம்.

இரண்டு வருடமாக நான் இந்தப் புத்தகத்தில் மின்னல், அம்பு, சூறாவளி என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் தப்பு. அந்தக் காரில் அவசரமே இல்லை. தெரிந்த வீட்டுக்குள் இருட்டில் நடக்கிறவர் மாதிரி, இங்கே நாற்காலி, இங்கே நிலைப்படி என்று ஒன்றிலும் இடித்துக்கொள்ளாமல் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அப்படிப் போகிற வேகம் மட்டும் நூற்று எழுபது.

வண்டி வந்து நின்றது. சிபி முதலில் இறங்கினார். கொஞ்ச நேரம் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், யாருங்க இவரு? நான் பிரேக் அடிக்கற எடத்தத் தாண்டிப் போயி, அதுக்கும் அந்தப்பக்கம் அடிக்கறாரு. மருதமலை முருகனைக் கூப்பிட்டுட்டனுங்க."

"பேர் அப்துல் கபூர்" என்றேன். "புதுப்பேட்டை."

கபூர் பாய் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. நான் ஜன்னல் ஓரமாகக் குனிந்தேன். வாழ்த்துச் சொல்லத்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வாங்கிப் படிக்கிறவர் முகம் அப்படி இருக்கும்.

"இருக்குது சார்" என்றார்.

"சந்தோஷம்தானே பாய்?"

"எல்லாம் அப்படியே இருக்குது. ஒண்ணும் போவல. நாப்பத்தஞ்சு வருஷமா உள்ளாறவே இருந்திருக்குது." வலது தொடையின் மேல் கை வைத்தார். "போயிருந்தா நல்லா இருந்திருக்கும்."

திரும்பும் வழியிலும் அவர்தான் ஓட்டினார். வலது ஓரம், எண்பது. மலை தொடங்கும் இடத்தில், நீளமான இறக்கத்தில், முள் மெதுவாக நூறைத் தாண்டி நூற்றைந்தைத் தொட்டது. அவராகவே பார்த்து, காலை எடுத்தார். எண்பது வந்தது. அறைக்கு வந்ததும் செல்வம், "என்ன பாய், கப்பு எங்க?" என்று கேட்டதற்கு, "கடை மூடிட்டான்டா" என்றார்.

வியாழன், இரவு 9.30. சென்னை.

பிற்பகல் விமானத்தில் கிளம்பி வந்துவிட்டேன். மீனம்பாக்கத்திலிருந்து வாடகைக் காரில் வீட்டுக்கு ஐந்நூற்று நாற்பது ரூபாய், பதினாறு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். கத்திப்பாராவில் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே சிக்கிக்கொண்டோம். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, எனக்கும் ஒரு பாக்கு நீட்டினார். அங்கே அத்தனை நேரான சாலையைப் போட்டு அவர் வண்டியை எண்பதில் பூட்டி வைத்திருந்தார்கள். இங்கே பூட்டு எதுவும் கிடையாது. நாற்பதைத் தொட்டால் அன்றைக்குப் பண்டிகை.

சனிக்கிழமை சாயங்காலம் கபூர் பாய் இதே வழியாகத்தான் வருவார். மருமகன்கள் மூன்று பேரும் மாலையோடு வருகிறார்களாம், பெரிய வண்டி பேசியிருக்கிறார்களாம். வயதானவர், களைத்திருப்பார் என்று அவரைப் பின்னால் சாய்ந்து உட்காரச் சொல்வார்கள். கத்திப்பாராவில் வண்டி நிற்கும். பேத்தி மடியில் இருப்பாள். அவள் விழாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, மிதிக்க ஒன்றுமே இல்லாத வெறும் தரையில், அவருடைய வலது கால் மெதுவாக ஒருமுறை அழுத்தும்.